நிழலும் நிழற்படமும்

தமிழில் நிழல் என்னுஞ் சொல் பல பொருள்களைத் தாங்கி நிற்பது. வெயிலை மறைத்து நிற்கும் மரத்தின்கீழ்க் கிடப்பதும் நிழல். கண்ணாடியிலும் தெளிந்த நீரிலும் தோன்றும் எதிருருவும் நிழல். மணியின் உள்ளிருந்து வீசும் ஒளியையும் நிழல் என்றே பழையோர் வழங்கினர். இருளுக்கும் ஒளிக்கும் ஒரே சொல்லை ஆண்ட இவ்வழக்கை அகராதியில் முதன்முறை காணும் மாணவர் அச்சுப் பிழையோ என ஐயுறுவதுண்டு. பின்னாளிற் கமரா என்னுங் கருவி வந்தபோது அதனாற் பெறும் படத்தை நம்மவர் நிழற்படம் என்றனர். புகைப்படம் என்ற பெயரே இன்று எங்கும் பரவியிருப்பினும், அதிற் புகை எங்கே இருக்கின்றது? நிழற்படம் என்பதே பொருத்தமுடைய பெயர் என்பது என் துணிபு. அச்சொல்லின் மூன்று பொருளும் ஒருங்கே வந்து கூடுகின்ற ஒருவகைப் படங்களைப்பற்றியே இங்குச் சில கூற விழைகின்றேன்.

அவை கட்டடங்களைப் பிடித்த படங்கள். ஆயினும் கட்டடத்தைக் காட்டாத படங்கள். படிக்கட்டின் ஒரு மூலை, வெண்சுவரைக் குறுக்கே வெட்டிச் செல்லும் ஒரு நிழற்கோடு, சாளரக் கண்ணாடியில் நெளிந்து தோன்றும் எதிர்வீட்டுத் தூண் ஆகிய இவையே அவற்றின் உள்ளீடு. இன்ன ஊர், இன்ன மாளிகை, இன்னார் கட்டியது என்ற செய்தி எதுவும் படத்தினுள் இல்லை. வண்ணமும் இல்லை, கருமையும் வெண்மையும் அவற்றிடைப்பட்ட சாம்பல் நிறங்களுமே உண்டு. மேல்நாட்டார் இவற்றுக்கு வழங்கும் பெயரை நாம் அருவப் படம் என மொழிபெயர்த்துக்கொண்டோம். இம்மொழிபெயர்ப்பில் எனக்கு ஒரு குறை உண்டு. அருவம் என்பது உரு அற்றது. இப்படங்களிலோ உருவத்தைத் தவிர வேறொன்றும் இல்லை! கோடு, வளைவு, முக்கோணம், வட்டம் என்னும் உருக்கள் எஞ்சி நிற்க, பெயரும் பயனுமே நீங்கியிருக்கின்றன. சைவ சித்தாந்த நூல்கள் அருவுருவம் என்றொரு சொல்லை வழங்கும். உறுப்புக்கள் தோன்றாமையால் அருவம், கட்புலனுக்கு விளங்கலால் உருவம் என நின்று இரண்டுமாவது அது. அச்சொல்லை இங்கே கடனாகப் பெறலாமெனத் தோன்றினும், வழக்கில் ஊன்றிவிட்ட சொல்லோடு மல்லுக்கு நிற்றல் வீண் வேலையாதலின் நானும் அருவப் படம் என்றே எழுதிச் செல்கின்றேன்.

என்னோடு நெடுங்காலமாகக் கற்பித்து வரும் நண்பர் ஒருவர், இலக்கணத்தில் வல்லவர், இவ்வகைப் படமொன்றைக் கண்டு, “பண்டிதரே, இஃது எழுவாய் இல்லாத வாக்கியம்” என்றார். அவர் கூறியது இகழ்ச்சி. எனக்கோ அது நல்லதொரு வழியைத் திறந்துவிட்டது. எழுவாய் சொல்லப்படாத வாக்கியம் தமிழில் எத்தனை! ‘வந்தேன்’ என்ற ஒரு சொல்லில் எழுவாய் வெளிப்படையாக இல்லை. ஆனால் விகுதி அதனைக் காட்டிவிடுகின்றது. இதனைத் தோன்றா எழுவாய் என்கின்றோம். தோன்றாமை வேறு, இல்லாமை வேறு. அருவப் படங்களுள்ளும் இவ்விருவகை உண்டென்பதும், நல்லனவற்றையும் போலிகளையும் பிரித்தறிய இவ்வேறுபாடே துணையாகும் என்பதும் நான் கண்டவை.

இவ்வகைப் படங்களின் தொடக்கத்தை நாடிச் செல்வோர் 1916ஆம் ஆண்டுக் கோடைகாலத்தில், அமெரிக்காவின் கனெக்ரிக்கட் மாநிலத்து இரட்டை ஏரிகள் என்னும் ஊரிலுள்ள ஒரு சிறு வீட்டின் விறாந்தைக்கு வந்து சேர்வர். அங்குத் தங்கியிருந்தவர் போல் ஸ்ராண்ட் என்னும் 25 வயது இளைஞர். நியூயோர்க்கிற் பிறந்தவர், லூயிஸ் ஹைன் என்ற ஆசிரியரிடம் பள்ளியிற் கமராத் தொழில் கற்றவர். அந்த ஹைன், ஆலைகளில் வேலைசெய்த சிறுவர்களின் துயரைப் படம்பிடித்து நாட்டின் மனச்சாட்சியை உலுக்கியவர். அவர்தாம் தம் மாணவரை அல்பிரட் ஸ்ரிக்லிற்ஸ் நடத்திய ‘291’ என்னும் சிறு ஓவியக்கூடத்துக்கு அழைத்துச் சென்றவர். ஓர் ஆசிரியர் தம் மாணவரை ஒருநாள் வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் சென்றதனால் விளைந்த பயன்களின் பட்டியலில் இதனையும் நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

அக்காலத்துக் கமராக் கலைஞர் பலர், தம் படம் ஓவியம்போலத் தோன்ற வேண்டுமென விரும்பிப் பனிமூட்டம் படிந்தாற்போல அதனை மங்கலாக்குவர். ஸ்ராண்ட் மறுவழி சென்றார். 1913இல் நியூயோர்க்கில் நடந்த பெருங்கண்காட்சியிலும் ஸ்ரிக்லிற்ஸின் கூடத்திலும் பிக்காசோ, பிறாக் முதலியோரின் ஓவியங்களைக் கண்டிருந்த அவர், அவ்வோவியங்களின் புறத்தோற்றத்தை விடுத்து அவற்றின் கட்டுக்கோப்பை நாடினார். விறாந்தையிலிருந்த வட்டமேசையைச் சரித்து வைத்தார். பிற்பகல் வெயில் விறாந்தைக் கைப்பிடிக் கம்பிகளினூடே பாய்ந்து மேசைமேலும் தரைமேலும் பட்டைப் பட்டையாக நிழல் வீழ்த்தியது. அருகே சென்று, வானத்தையும் வீட்டையும் மரத்தையும் விலக்கி, அந்நிழற்பட்டைகளையும் மேசை விளிம்பின் வளைவையும் மட்டுமே சட்டத்துள் அடைத்தார். பிடித்த படத்தையும் நேராக வையாது திருப்பி வைத்தார். எது மேல், எது கீழ் என்று பார்ப்பவர்க்கு விளங்காமற் போயிற்று.

இப்படத்தின் அச்சுப் பிரதியொன்றை ஒருமுறை எங்கள் கல்லூரியின் மேல்வகுப்பு மாணவர்க்குக் காட்டினேன். தலைப்பை மறைத்துவிட்டு, கண்டதை ஒரு பந்தியில் எழுதுமாறு பணித்தேன். ஒருவர் பாய்மரம் என்றார். ஒருவர் யாழின் நரம்புகள் என்றார். மற்றொருவர் வரிக்குதிரை என எழுதி நகைப்புக்கு இடமானார். பின்னர் அஃது ஒரு விறாந்தையும் மேசையும் என்றேன். வகுப்பில் அமைதி நிலவியது. மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, அப்படியெனின் அது பின்னேர வெயிலாக இருக்கவேண்டும், நிழல் அவ்வளவு நீளமாய்க் கிடக்கின்றது” என்றாள். நான் வேண்டிநின்ற விடை அதுவே. சொல்லப்படாத எழுவாயை அவள் விகுதியிற் கண்டுகொண்டாள். மேசை என்று அறிந்த பின்பும் அப்படம் வறிதாகவில்லை. ஒரு கோடைப் பிற்பகலின் வெப்பமும் அசைவின்மையும் அதனுள் வந்து புகுந்தன. கோடுகளும் தம் கட்டுக்கோப்பை இழக்கவில்லை. பெயரை அறிந்த பின்னர்ப் படம் வளர்கின்றதா, தேய்கின்றதா என்று கேட்பதை அன்றுதொட்டு ஒரு சோதனையாக நான் கொண்டிருக்கின்றேன்.

இதற்கு முந்திய ஆண்டில், 1915இல், ஸ்ராண்ட் நியூயோர்க்கின் வோல் வீதியிற் பிடித்த படமும் இங்கு நினைக்கத்தக்கது. அப்பொழுது புதிதாகக் கட்டப்பெற்றிருந்த மோர்கன் வங்கியின் சுவரில், ஆளுயரத்தினும் பன்மடங்கு பெரிய செவ்வகக் குழிவுகள் கரிய வாய்களைப் போல நிரையாக நிற்கின்றன. அவற்றின் கீழே, காலை வெயிலில் நீண்ட நிழல்களை இழுத்துக்கொண்டு வேலைக்கு விரையும் மனிதர் எறும்பளவாய்ச் செல்கின்றனர். கட்டடத்தின் பெயரை மறந்து, கருஞ் செவ்வகங்களும் சிறு கரும்புள்ளிகளும் எனக் காணினும் அது நிறைவான படமே. பெயரை அறிந்து நோக்குவார்க்கோ பணத்தின் பருமையும் மனிதனின் சிறுமையும் ஒரு சொல்லும் இன்றி விளங்கிவிடும். 1917 யூனில் வெளிவந்த ‘கமரா வேர்க்’ இதழின் இறுதி வெளியீட்டை ஸ்ரிக்லிற்ஸ் ஸ்ராண்டின் படங்களுக்கே ஒதுக்கினார். நிழற் பட்டைகளும் நியூயோர்க் வீதியிற் பிடித்த பார்வையிழந்த பெண்ணொருத்தியின் முகமும் ஒரே இதழில் இடம்பெற்றன. வடிவத்தை நாடுபவன் மனிதனை மறப்பான் என்பார்க்கு அவ்விதழையே விடையாகக் காட்டலாம். ஸ்ராண்ட் முற்றிலும் அருவமான படங்களோடு நெடுங்காலம் நின்றவருமல்லர். படத்தின் எலும்புக்கூட்டை அறிந்துகொள்வதற்கான பயிற்சியாகவே அவற்றைக் கொண்டு, பின்னர் ஊர்களையும் உழைப்போரையும் தேடிச் சென்றார்.

இதே காலத்தில் இலண்டனில் மற்றொரு முயற்சி நடந்தது. அல்வின் லாங்டன் கோபேண் என்பவர் பொஸ்ரனிற் பிறந்து இங்கிலாந்திற் குடியேறியவர். நியூயோர்க்கின் உயர்ந்த கோபுரமொன்றின் மேலிருந்து, பனிமூடிய பூங்காவின் பாதைகளை நோக்கி அவர் பிடித்த படத்திற்கு ‘எண்காலி’ எனப் பெயரிட்டார். வெண்பனியிற் பரந்த கரிய பாதைகள் சாக்குக்கணவாயின் கைகளைப்போல நீள, கோபுரத்தின் நிழல் குறுக்கே வந்து விழுகின்ற அப்படம் எனக்கு மிகவும் உவப்பானது. 1916இல் அருவப் படங்களுக்கெனத் தனிக் கண்காட்சி வேண்டுமென எழுதியவரும் அவரே. பின்னர் மூன்று கண்ணாடிகளை முக்கோணமாகப் பிணைத்து, அவற்றினூடே படிகத் துண்டுகளையும் மரத்துண்டுகளையும் நோக்கிப் பிடித்தார். நம் சிறுவர் வளையற் துண்டுகளை இட்டு விளையாடும் வண்ணக்குழலின் தத்துவமே அது. அக்கருவிக்குப் பெயரிட்டவர் கவிஞர் எஸ்ரா பவுண்ட். 1917 பெப்ரவரியில் அத்தகைய 18 படங்கள் இலண்டன் கமராக் கழகத்திற் காட்சிக்கு வைக்கப்பட்டன.

வரலாற்று நூல்கள் இவற்றைப் பெரிதும் போற்றும். என் கருத்து வேறு. நிழலின் மேல் நிழலாகக் கண்ணாடிகள் வெட்டிப்போட்ட அத்துண்டுகளில் எழுவாய் தோன்றாமல் இருக்கவில்லை, உண்மையாகவே இல்லை. மரத்துண்டு என்று சொன்னாலும் படிகம் என்று சொன்னாலும் படம் நம்முள் வளர்வதில்லை. எண்காலிப் படத்தைப் பிடித்த அதே கையா இது என்று வியக்கவே தோன்றுகின்றது. ஆயினும் ஒரு வழி எங்கே முடிகின்றது என்பதைச் சென்று பார்த்து வந்தவரிடத்தும் நமக்கு நன்றிக்கடன் உண்டு.

வண்ணத்தை நீக்கினால் என்ன நிகழும் என்பதைச் சிறிது நோக்குவோம். கறுப்பு வெள்ளைப் பிலிமின்மேற் பூசப்பட்டிருப்பது ஒளிபட்டால் மாறுந் தன்மையுடைய வெள்ளி உப்பு. ஒளி மிகுதியாகப் பட்ட இடத்தில், இரசாயனக் கரைசலிற் கழுவியபின், வெள்ளி கருமையாகப் படியும். ஒளி படாத இடம் தெளிவாக நிற்கும். ஆகவே முதலிற் கிடைப்பது உலகின் மறுதலை: வெண்சுவர் கறுப்பாகவும் நிழல் வெளுப்பாகவும் அமைந்த பிரதி. அதனூடே மீண்டும் ஒளியைச் செலுத்தித் தாளிற் பதிக்கும்போது மறுதலையின் மறுதலையாக உலகு மீள்கின்றது. இவ்வழியில் நிறத்திற்கு இடமில்லை. எவ்வளவு ஒளி என்ற கணக்கே உண்டு. செங்கற் சுவரும் அதன்மேற் படர்ந்த பச்சைக் கொடியும் நம் கண்ணுக்கு எவ்வளவு வேறுபட்டவை! படத்தில் இரண்டும் ஒரே சாம்பல் நிறமாய்க் கலந்துவிடக் கூடும். இக்குறையே கலைஞனுக்குக் கருவியாயிற்று. வில்லையின் முன்னே செந்நிறக் கண்ணாடியொன்றை வைத்தால் வானின் நீல ஒளி தடைப்பட்டு வானம் கருமையாகும். வெயிலில் நிற்கும் வெண்சுவர் அக்கருமையினின்றும் சுடர்போல் எழும். பகலின் நடுவே இரவைப் படைக்கும் வித்தை இது. இன்று கைத்தொலைபேசியில் விரலால் ஒருமுறை தொட்டதும் வண்ணம் அகன்றுவிடுகின்றது. வண்ணத்தை அகற்றுதல் வேறு, வண்ணமின்றிக் காணுதல் வேறு என்பதை மாணவர்க்கு உணர்த்துவது அதனாற் சற்றுக் கடினமாகிவிட்டது.

எதிருருக்களின் செய்தி இன்னும் சுவையுடையது. குளக்கரையில் நின்று நீரிற் தோன்றும் மண்டபத்தைக் காண்கின்றோம். அது மேலே நிற்கும் மண்டபத்தின் தலைகீழான பிரதி என்றே பலரும் எண்ணுவர். அவ்வாறன்று. நம் கண் நீர்மட்டத்துக்கு ஐந்தடி மேலே இருப்பின், நீருட் தோன்றும் உரு, நீர்மட்டத்துக்கு ஐந்தடி கீழிருந்து அண்ணாந்து நோக்கும் ஒருவனுக்கு அம்மண்டபம் எவ்வாறு தோன்றுமோ அவ்வாறு அமைவது. ஆதலாற் கரையிலிருந்து நேரே காணமுடியாத கூரையின் அடிப்புறமும் மாடத்தின் கீழ்ப்பக்கமும் நீரிலே தெரியும். நீர் தன் பங்குக்கு வேறொரு காட்சியைக் காண்கின்றது என்று சொல்லலாம். இவ்வாறே கண்ணாடியிற் தோன்றும் உரு, கண்ணாடியின் மேற்பரப்பில் இருப்பதன்று; பொருள் எவ்வளவு தொலைவில் முன்னிற்கின்றதோ அவ்வளவு தொலைவு உள்ளே நிற்பது. நாம் நான்கடி எட்டி நின்று நோக்கும் சாளரத்தில் நாற்பதடிக்கு அப்பாலுள்ள தூண் தோன்றின், கமராவை நாற்பத்து நான்கடிக்கு முடுக்கினாற்றான் தூண் தெளியும். அப்பொழுது கண்ணாடியின் தூசியும் கீறலும் மங்கும். எதனைத் தெளிவிப்பது, எதனை மங்கவிடுவது என்ற தெரிவு படம்பிடிப்பவனது. ஜேர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் 1927இற் பயின்ற ஃபுளோரன்ஸ் ஹென்றி என்னும் பெண்மணி, கண்ணாடிகளைப் பொருள்களிடையே நிறுத்தி, எது பொருள், எது நிழல் எனப் பிரிக்கவொண்ணாத படங்களைப் பிடித்தார். அவை கோபேணின் கண்ணாடிகளைப்போல் உலகைச் சிதைக்கவில்லை. உலகை இரட்டித்து நம் கண்ணை ஐயத்தில் நிறுத்தின.

இருபதுகளில் ஐரோப்பாவெங்கும் இப்புதுக்கண் பரவியது. மொஸ்கோவில் அலெக்சாந்தர் றொட்சென்கோ 1925இல் தாம் குடியிருந்த மாடிவீட்டின் அடியில் நின்று, மேல்மாடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வானுட் பாயுமாறு பிடித்தார். கமராவை அண்ணாத்தினால் நேர்கோடுகள் மேலே குவியும். கட்டடக் கலைப் படங்களில் அதுவரை குற்றமெனக் கொள்ளப்பட்ட அது, அவர் கையில் அணியாயிற்று. பெர்லினில் 1926இற் திறக்கப்பட்ட வானொலிக் கோபுரத்தில் ஏறி, 1928 அளவில் நேர்கீழே நோக்கிப் பிடித்தார் மொஹோலி நாஜ். தரையும் மேசை நாற்காலிகளும் வெறும் வட்டங்களும் கோடுகளுமாயின. ஜெர்மேன் குறுல் என்னும் பெண் கலைஞர் ஈபிள் கோபுரத்தின் இரும்புச் சட்டங்களையும் துறைமுகப் பாலங்களையும் பிடித்து 64 படங்கொண்ட தொகுதியாக 1928இல் வெளியிட்டார். அதே 1928இல் மொஸ்கோவின் நிழற்பட இதழொன்று, றொட்சென்கோ மேல்நாட்டாரைப் பார்த்துத் திருடுகின்றார் என்று பழி சுமத்தியது. பின்னர், மக்களுக்குப் பயன்படாத வெறும் வடிவவாதம் என்ற குற்றச்சாட்டும் சேர்ந்துகொண்டது. ஒரு வீட்டை எக்கோணத்தில் நோக்குவது என்ற கேள்வி ஒரு கலைஞனின் வாழ்வையே அசைக்கத்தக்கதாயிருந்த காலம் அது. “இதில் என்ன பொருள்?” என்று என் நண்பர் கேட்டது தோழமையான கேள்வி, அதே கேள்வியை அதிகாரம் கேட்கும்போது அதன் குரல் மாறிவிடுகின்றது.

இத்துறையில் என் மனத்தைப் பெரிதும் ஈர்த்தவர் லூசியன் ஏர்வே. 1910இல் ஹங்கேரியிற் பிறந்தபோது அவர் பெயர் லாஸ்லோ எல்கான். 1929இற் பாரிஸ் நகருக்கு வந்து, போர்க்காலத்திற் பிரெஞ்சுப் படையிற் சேர்ந்து, 1940இற் கைதியாகி, 1941இல் தப்பி, மறைவான எதிர்ப்பியக்கத்திற் பணியாற்றியவர். அந்த இயக்கத்தில் அவர் பூண்ட பெயரே பின்னர் உலகறிந்த பெயராயிற்று. 1949இல் கூத்தூரியே என்னும் துறவியின் தூண்டுதலால் அவர் மார்செய் நகருக்குச் சென்றார். லெ கொர்பூசியே என்னும் பெருங்கட்டடக் கலைஞர் 337 குடியிருப்புக்கள் கொண்ட ஒரே மாளிகையை அங்கே எழுப்பிக்கொண்டிருந்தார். அது முற்றுப்பெற 1952 ஆயிற்று. ஏர்வே சென்றபோது அது சாரங்கட்டிய அரைகுறைக் கொங்கிரீற்று. அங்கே ஒரே நாளில் அவர் 650 படங்கள் பிடித்தார். அவற்றைக் கண்ட கொர்பூசியே, உமக்குக் கட்டடக் கலைஞனின் உள்ளம் வாய்த்திருக்கின்றது என்னுங் கருத்துப்பட மடல் எழுதித் தம்முடன் பணியாற்ற அழைத்தார். 1965இற் கொர்பூசியே இறக்கும்வரை அவ்வுறவு நீடித்தது.

ஏர்வேயின் ஆயுதங்கள் இரண்டு. ஒன்று கமரா, மற்றொன்று கத்தரிக்கோல். பிடித்த படத்தை அச்சிட்ட பின்னர், வேண்டாதனவற்றைத் தயங்காமல் வெட்டி எறிவார். பாதிப் படமும் போய், சில வேளை ஒரு நீண்ட ஒடுங்கிய துண்டே எஞ்சும். ஒரு புறம் முழுக் கருமை, ஒரு புறம் முழு வெண்மை, இடையே சரிந்த ஒரு கோடு. இவ்வளவே படம்! செய்யுளில் ஒரு சீரைக் குறைக்க இரவெல்லாம் விழித்திருந்தவர்க்கு இக்கத்தரிக்கோலின் அருமை தெரியும். கட்டுரைப் போட்டிகளுக்கு நடுவராயிருந்த எனக்கும் தெரியும்.

பிரான்சின் தென்பகுதியில் தோரொனே என்னும் மடம் ஒன்றுண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே துறவிகள் எவ்வித அலங்காரமுமின்றிக் கல்லாலேயே எழுப்பியது. அங்கு ஏர்வே பிடித்த படங்கள் 1956இற் கொர்பூசியேயின் முன்னுரையோடு நூலாயின. சிற்பமில்லை, வண்ணக் கண்ணாடியில்லை. வளைவுகளினூடே வெயில் வரும் வழியே அங்குள்ள அணி. அந்நூலின் பக்கங்களில் வைகறையிலிருந்து அந்திவரை ஒளி சுவர்மேல் நகர்வதைக் காணலாம். பேசாமை விரதம் பூண்டோர் வாழ்ந்த இடத்தைப் பேசாத படங்களாற் காட்டியமை பொருத்தமே.

ஏர்வே இந்தியாவுக்கு 1955இலும் 1961இலும் வந்தார். 1947இற் பிரிவினையின்போது லாகூர் பாகிஸ்தானுக்குச் செல்ல, இந்தியப் பஞ்சாப்புக்குப் புதிய தலைநகரமாகச் சண்டிகார் அமைந்தது. அதன் அரச மாளிகைகளைக் கொர்பூசியே வகுத்தார். 1955இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றத்தின் முகப்பு முழுவதும் கொங்கிரீற்றாலான ஆழ்ந்த கட்டங்களாக, தேன்கூடுபோல அமைந்தது. அவை வெயில் தடுப்புக்கள். சண்டிகார் ஏறத்தாழ 31 பாகை வட அகலாங்கில் உள்ளது. ஆதலின் அங்கு யூன் மாத நடுப்பகலிற் சூரியன் 83 பாகை உயர்ந்து ஏறத்தாழ உச்சந்தலையில் நிற்கும். டிசெம்பர் நடுப்பகலில் 36 பாகைக்கே எழும். உயர்ந்த கோடை வெயிலை மறித்து, சாய்ந்த குளிர்கால வெயிலை உள்ளே விடுதலே இத்தகைய தடுப்பின் நோக்கம். இக்கணக்கை அறிந்து ஏர்வேயின் படங்களை நோக்கினால், வெறும் கருஞ்சதுரம் வெண்சதுரம் எனத் தோன்றியவை ஒரு பஞ்சாங்கமாக மாறிவிடுகின்றன. நிழலின் சாய்விலே பொழுது எழுதியிருக்கின்றது. தோன்றா எழுவாய் அங்கே சூரியனே.

குறையும் கூறவேண்டும். இப்படங்கள் கொர்பூசியேயின் புகழை உலகெங்கும் பரப்பின. மார்செய்க்கோ சண்டிகாருக்கோ போகாதவர்கள் அக்கட்டடங்களை ஏர்வேயின் கண்களாற் கண்டே வியந்தனர். அக்கண்ணுக்கு மழையிற் கறைபடிந்த கொங்கிரீற்றும், வெப்பத்தைப் பகலெல்லாம் குடித்து இரவிற் கக்கும் சுவரும் புலனாவதில்லை. சண்டிகாருக்காகக் கையகப்படுத்தப்பட்ட நிலத்தில் முன்னர்க் கிராமங்கள் இருந்தன.  முழுக்கருமை அழகியது; ஆனால் எதனையும் மூடிவிடவல்லது. இதனைக் கொண்டு ஏர்வே குற்றவாளி என்று நான் சொல்லமாட்டேன். பேருருவான சுவர்களினடியே சிறு மனித உருவை அவர் பல படங்களில் நிறுத்தியிருக்கின்றார். அவ்வுருவை மறைத்துப் பார்த்தால் படம் தன் அளவை இழந்து பொம்மைபோலாகிவிடும். சட்டத்துக்கு வெளியே கத்தரித்து எறியப்பட்டது யாது என்ற கேள்வியோடு பார்ப்பது பார்ப்பவர் கடன். மாணவர்க்கு நான் இதனை வற்புறுத்துவதுண்டு. இன்றைய நாளில் எங்கும் மலிந்துகிடக்கும், மேலிருந்து நோக்கிய சுருட்படிக்கட்டுப் படங்களிலும் கண்ணாடி மாளிகைப் படங்களிலும் இக்கேள்வியை எழுப்பினால் விடையளிக்க வல்லவை சிலவே. அவை ஒன்றைப் பார்த்து ஒன்றாக வந்த அந்தாதிகள்.

நம் நாட்டில் கறுப்பு வெள்ளையைத் தன் தாய்மொழிபோற் கையாண்டவர் லயனல் வென்ற். 1900இற் பிறந்து 1944இல் மறைந்த அவர் சட்டம் பயின்றவர். பியானோ இசையில் வல்லவர். 1943இல் உருவான ஓவியர் குழுவின் உயிர்நாடியாயிருந்தவர். அவர் பெரிதும் நாடியவை மனித உடலும் ஊர்வாழ்வுமே. எனினும் ஒளியை நடுவே பாய்ச்சிக் கருமையையும் வெண்மையையும் இடம்மாற்றுவது, கமராவின்றியே தாளின்மேற் பொருள்களை வைத்து நிழல் பதிப்பது முதலிய அருவ முறைகளை இங்கிருந்தே பயின்று தேர்ந்தவர் அவர். 1950இல் வெளிவந்த அவரது படத்தொகுதி சில நூலகங்களிற் கிடைக்கும். மேல்வகுப்பு மாணவர் அதனைப் புரட்டிப் பார்த்தல் நன்று. விலைமதிப்புள்ள நூலாதலின் கையைக் கழுவிக்கொண்டு புரட்டுக.

ஏர்வே 2007 யூனில், 96ஆம் வயதிற் பாரிஸில் இறந்தார். 1965ஆம் ஆண்டளவில் நரம்பு நோயொன்று அவரைப் பற்றியது. நடை தளர்ந்தது, கட்டடங்களைத் தேடிச் செல்லும் பயணங்கள் அருகின. வீட்டில் அடங்கியிருந்த அந்நாட்களிற் பழைய படங்களை மீண்டும் எடுத்து மேசைமேற் பரப்பினார். முன்னர் ஒருமுறை வெட்டி முடித்த மார்செய்ச் சுவர்களையும் சண்டிகார்ச் சதுரங்களையும் மறுபடியும் நோக்கி, இன்னும் எங்கே குறைக்கலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தார்.